எதிர்க்கட்சி பேசிய மாப்பிள்ளை

தென்காசி மாதர் முன்னேற்ற விவேக வாலிப சபையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அறுபத்திரண்டு வாலிபர்கள் இருந்தோம். அவர்களில் மிக இளையவனுக்கு வயது ஐம்பத்து நாலு. அந்த இளையவன் நான்தான். ஆகையால் நாற்காலி எடுத்துப் போடுவது, தலைவருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது, தூங்குகிறவர்களைத் தீர்மான நேரத்தில் தட்டி எழுப்புவது முதலிய வாலிபக் காரியங்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன. இதைப் புகாராகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், அவ்வளவும் நான் போட்ட நாற்காலிகளில் நடந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான்.

சபையில் மாதர்கள் கிடையாது. முன்னேற்றப்பட வேண்டியவர்கள் முன்னேற்றுகிறவர்களோடு சரிசமமாக உட்கார்ந்தால் வேலை நடக்காது என்று தலைவர் ராவ் சாகிப் ஆவுடைநாயகம் பிள்ளை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவர் பென்ஷன் வாங்கிய தாசில்தார். ஒரு விஷயத்தை முடிக்காமலே அதற்கு முடிவு சொல்லிவிடும் வித்தை அவருக்குச் சர்க்கார் உத்தியோகத்திலேயே படிந்துவிட்டது.

வருஷத்துக்கு ஒரு மகாநாடு. ஆடி மாதம், குற்றாலத்தில், சாரல் நன்றாக விழுகிற நாளாகப் பார்த்து நடக்கும். காலையில் எண்ணெய் தேய்த்துப் பெரிய அருவியில் குளியல். குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு, 'விதவா விவாகத்தை இச்சபை மனப்பூர்வமாக ஆதரிக்கிறது' என்று ஏகமனதாகத் தீர்மானம். பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு விவாதம். அதற்குப் பொருள், 'ஆதரிக்கிறோம், சரி. ஆனால் அதை இப்போது நடத்தலாமா?' என்பது. இதில் வக்கீல் ஞானசம்பந்தம் பிள்ளை மறுத்துப் பேசி ஜெயிப்பார். அவர் சனாதனி. சபைக்கு ஒரு எதிர்க்கட்சி இருந்தால்தான் கௌரவம் என்று அவரை அழைத்துச் சேர்த்திருந்தோம். இப்படியாகக் காலையில் முற்போக்காகவும் மாலையில் பத்திரமாகவும் பதினொரு வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

வக்கீலைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தோற்ற வழக்கு என்று ஒன்று கிடையாது. தோற்றதையெல்லாம் 'அப்பீலில் இருக்கு' என்பார். கட்சிக்காரன் இறந்துபோன பிறகும் அப்பீலில் இருக்கும்.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தவர் பால்வண்ணநாதன். முப்பத்தொரு வயது, பிரமசாரி. எட்டுப் பக்கக் காலணாப் பிரசுரங்கள் எழுதி அச்சடித்து, செங்கோட்டை ரயிலில் பெட்டிக்குப் பெட்டி ஏறித் தானே விற்பார். கள்ளு, வரதட்சிணை, குடுமி, கோர்ட்டு, வெள்ளைக்காரன் என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. அவருக்கு நிரந்தர வாசகர் ஒருவர் உண்டு. அவர் ஏட்டு சங்கிலிப்பாண்டி. ஒவ்வொரு பிரசுரத்திலும் ராஜத்துரோகம் இருக்கிறதா என்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து மேலே எழுத வேண்டியது அவருடைய டியூட்டி. பால்வண்ணம் எங்கே வாய் திறந்தாலும் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு அவர் இருப்பார். தாம் எழுதியதை முழுசாக வாசித்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான் என்பதால் பால்வண்ணத்துக்கும் ஏட்டு மேல் ஒரு பிரியம்.

அதற்கு முந்தின வருஷம் அவர் விதவா விவாகத்தைப் பற்றி ஒரு பிரசுரம் எழுதினார். சபைக்கு அது பிடித்துப் போய், ராவ் சாகிப் கடைசிப் பக்கத்தில் சபையின் பெயரால் ஒரு விளம்பரம் போடச் சொன்னார்: 'விதவா விவாகம் செய்துகொள்ள முன்வருவோருக்கு எமது சபை சகல ஒத்தாசையும் செய்யும். தலைவரே முன்னின்று நடத்திவைப்பார்.' இப்படி ஒருவர் முன்வருவார் என்று அப்போது எங்கள் அறுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விற்காத பிரதிகள் மளிகைக் கடைக்குப் போயின. அங்கிருந்து ஒரு தாள், பெருங்காயத்தை மடித்துக்கொண்டு, தபாலாபீஸ் குமாஸ்தா குற்றாலிங்கம் வீட்டுக்குப் போயிற்று. அவருடைய தங்கை முத்துவடிவு அதைப் பிரித்து வாசித்தாள். பதினேழு வயதில், கல்யாணமாகி எட்டு மாதத்தில் புருஷனை இழந்தவள். ஒன்பது வருஷமாக அண்ணன் வீட்டில் பதினோரு பேருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் இரண்டு பக்கந்தானே இருக்கும்! மீதிப் பக்கங்களுக்காக மேலும் மூன்று தடவை பெருங்காயம் வாங்கினாள். அந்த மாதம் அந்த வீட்டு ரசம் தெருவுக்கே மணந்ததாம்.

எட்டுப் பக்கமும் சேர்ந்ததும் பிரசுரத்தில் இருந்த விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். 'நீங்கள் எழுதியதை வாசித்தேன். நியாயமாக இருக்கிறது. நீங்கள் செய்வீர்களா? இப்படிக்கு, முத்துவடிவு.' அவ்வளவுதான்.

கார்டு போய்ச் சேர்ந்த வழி தென்காசித் தபாலாபீஸ். அதை முதலில் வாசித்தவர் அவளுடைய அண்ணன். சர்க்கார் தபாலை நிறுத்த ஒரு குமாஸ்தாவுக்கு அதிகாரம் இல்லை என்பதால் குற்றாலிங்கம் தம் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, மறுநாள் சாயங்காலம் பால்வண்ணத்தைத் தேடி ரயிலடிக்கு வந்தார்.

"கார்டு கெடச்சிருக்கும்லா?" என்றார்.

"கெடச்சுது அண்ணாச்சி."

"பதில் என்ன?"

இருபத்து நாலு பிரசுரம் எழுதிய மனிதருக்கு ஒரு வார்த்தை வரச் சிரமப்பட்டது. "செய்வேன்" என்றார்.

குற்றாலிங்கம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குக் கடப்பைக்கு மாத்தலாயிட்டுவே. ஆடி இருவத்தொம்பது ரயில். அவளையும் கூட்டிட்டுத்தான் போகணும். அங்கன போயும் அவதான் பொங்கணும். பாவமாத்தான் இருக்கு, என்ன செய்யச் சொல்லுதீரு? ராவ் சாகிப் மாதிரி ஒரு பெரிய மனுசர் தலைமையில, நாலு பேர் அறிய நடந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன். திருட்டுத்தனமா மட்டும் வேண்டாம். இருவத்தொம்பதுக்குள்ள நடக்கலைன்னா அவ ரயிலேறிருவா. அதுக்குப் பெறகு கார்டு கீர்டு ஒண்ணும் போடக் கூடாது."

பால்வண்ணம் சிரித்தேவிட்டார். இதற்குத்தானே சபை இருக்கிறது! கடைசிப் பக்கத்தில் தம் கையாலேயே அச்சுக் கோத்த விளம்பரம் இருக்கிறதே! அடுத்த நாளே மல்லு வேட்டி கட்டிக்கொண்டு ராவ் சாகிப் வீட்டுக்குப் போனார். அப்போது நான் அங்கே மகாநாட்டு அழைப்பிதழ்களுக்கு உறை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் ராவ் சாகிப் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பேஷ்! பேஷ்! இந்த நாளுக்காகத்தான் பதினொரு வருஷம் காத்திருந்தோம்" என்றார். பிறகு கையை விட்டுவிட்டு, "யாருக்குக் கல்யாணம்னு சொன்னீரு?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் ஐயா."

"உமக்கா? எப்போ?"

"மகாநாட்டு அன்னைக்கே வச்சுக்கிடலாம்னு."

"நெசமாவா?"

ராவ் சாகிப் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சோடா என்றார். அதைக் குடித்து முடித்ததும் அவருக்குத் தாசில்தார் குரல் திரும்பி வந்துவிட்டது. "எதையும் முறையாச் செய்யணும். விண்ணப்ப பாரம் இருக்கு. பூர்த்தி பண்ணிக் கொண்டாரும்" என்றார்.

பாரம் பதினொரு வருஷத்துக்கு முன்பு அச்சிட்டது. கட்டுப் பிரிக்காமலே இருந்தது. பெண் விண்ணப்பதாரர் தம் கணவரின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும் என்று அதில் ஆறாவது கலம். பால்வண்ணம் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"ஐயா, விதவைக்குப் புருஷன் கையெழுத்து எங்கன போய் வாங்க?"

"கையெழுத்து கெடைக்காத பட்சத்தில காரணம் எழுதி இணைக்கலாம்னு கீழ போட்டிருக்குல்லா? கண்ணாடி போட்டுப் பாரும்."

பால்வண்ணம் காரணம் எழுதினார்: 'இறந்துவிட்டார்.' ராவ் சாகிப் அதைப் படித்து, காரணம் திருப்தியாக இருப்பதாகவும், ஆனால் அது நிரந்தரமான காரணமா என்று விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி போடுவதாகவும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கமிட்டியில் நானும் ஒருவன். மற்ற இருவர் ராவ் சாகிப்பும் அவருடைய சம்பந்தியும். குற்றாலிங்கம் வீட்டில் எங்களை உட்கார வைத்து, முத்துவடிவு முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நெடுநெடுவென்ற உயரம், கண்ணில் ஒரு குறும்பு. ராவ் சாகிப் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உன் துயரத்தைச் சபைக்கு எடுத்துச் சொல்லும்மா" என்றார்.

"என்னத்தச் சொல்ல? பெரியப்பா, முறுக்கு எடுத்துக்கிடுங்க" என்று சிரித்தாள்.

"அப்படி இல்லம்மா. உலகத்தில உனக்கு என்ன கொறைன்னு…"

"கொறை இருந்துது. அதான் கார்டு போட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் சிரித்தாள்.

கமிட்டி ஒரு தட்டு முறுக்கையும் தீர்த்துவிட்டுத் திரும்பியது. அறிக்கையை ராவ் சாகிப் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'விண்ணப்பதாரர் விதவைதான் என்பது உறுதியாகிறது. ஆயினும் விதவைக்கு இருக்க வேண்டிய சோகம் போதிய அளவு காணப்படவில்லை. விசாரணையின்போது இரண்டு முறை சிரித்தார். முறுக்கு நன்றாக இருந்தது.' கடைசி வாக்கியத்தை நானாகச் சேர்த்தேன்; ஒருவரும் அடிக்கவில்லை.

எல்லாக் கமிட்டிக்கும் தப்பி விஷயம் மகாநாட்டுக்கு வந்து சேர்ந்தது. ராவ் சாகிப் கவலைப்படவில்லை. கவலைப்பட்டது நான்தான்; அந்தப் பெண்ணின் சிரிப்பு என் மனசில் நின்றுவிட்டது. ராவ் சாகிப்பிடம் தனியாகக் கேட்டேன்: "ஐயா, அந்தப் பிள்ளை காரியம் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுவே. காலைல ஆதரிப்போம். மத்தியானம் ஞானசம்பந்தம் பேசித் தோக்கடிச்சிருவாரு. நம்ம மேல பழி கெடையாது. மறுநாள் ரயிலு" என்றார்.

ஆடி இருபத்தெட்டு. குற்றாலத்தில் சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. ஒரு சத்திரத்துக் கூடத்தில் மகாநாடு. முத்துவடிவு அண்ணனோடு வந்திருந்தாள். சபை வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு பெண் வந்திருப்பதால், அவள் ஒருத்திக்காக மூங்கில் தட்டி வைத்து மறைத்து, அதற்குப் பின்னால் ஒரு பாய் போட்டோம். ஏட்டு சங்கிலிப்பாண்டி முன் வரிசை ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பால்வண்ணம் பேசப் போவதால் சர்க்கார் அவரை அனுப்பியிருந்தது.

ராவ் சாகிப் தலைமையுரை ஆற்றினார். "சகோதரர்களே! பதினொரு வருஷமாக இச்சபை விதவைகளுக்காகக் கண்ணீர் வடித்து வருகிறது. இன்று ஒருவர் அந்தக் கண்ணீரைத் துடைக்க முன்வந்திருக்கிறார். அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் துடைத்துவிட்டால் அடுத்த வருஷம் நாம் எதற்காகக் கூடுவது என்பதையும் நிதானமாக யோசிக்க வேண்டும்." பலத்த கரகோஷம். ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

காலைத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாப்பாடு ஆயிற்று. ஜன்னல் வழியாக ஒரு குரங்கு வந்து தலைவருக்கு வைத்திருந்த மங்குஸ்தான் பழங்களில் பாதியைக் கொண்டுபோயிற்று. பிறகு விவாதத்துக்குச் சீட்டுப் போட்டார்கள்.

சீட்டு சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். யார் ஆதரித்துப் பேசுவது, யார் மறுத்துப் பேசுவது என்பதை நடுநிலைமையாகத் தீர்மானிக்க, ஒரு செம்பில் இரண்டு சீட்டுப் போட்டு எடுப்பது எங்கள் விதி. வருஷா வருஷம் வக்கீல்தான் முதலில் எடுப்பார்; வருஷா வருஷம் அவருக்கு 'மறுத்து' என்றே வரும். இரண்டு சீட்டிலும் அதைத்தான் எழுதியிருப்போம். எழுதுகிறவன் நான். இந்த வருஷம் அவரோடு வாதாட வேண்டியவர் விண்ணப்பதாரர் பால்வண்ணம். சீட்டை நான் எழுதப் போகும்போது ராவ் சாகிப் என் கையைப் பிடித்துவிட்டார். "ஏட்டு பாத்துக்கிட்டு இருக்காரு. செம்புக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா மானம் போயிரும். இன்னைக்கு ஒரு நாள் யோக்கியமாப் போடும்" என்றார். சபை ஒரே ஒரு தடவை யோக்கியமாக நடந்ததன் பலனை நாங்கள் பிறகு அனுபவித்தோம்.

வக்கீல் செம்பில் கை விட்டுச் சீட்டை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். 'ஆதரித்து' என்று இருந்தது.

அப்படியானால் மறுத்துப் பேச வேண்டியவர் யார்? மாப்பிள்ளை!

பால்வண்ணம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராவ் சாகிப் முகத்தில் ரத்தம் திரும்பிற்று. அவர் விதிப் புத்தகத்தை எடுத்து உரக்க வாசித்தார்: எந்தக் கட்சியாவது அரைமனதாகப் பேசியதாகத் தலைவர் கருதினால் அந்த விஷயமே தள்ளுபடியாகும். அதாவது மாப்பிள்ளை தம் கல்யாணத்தை எதிர்த்து நன்றாகப் பேசினாலும் கல்யாணம் போச்சு. மோசமாகப் பேசினாலும் போச்சு. அரை மணி நேரம் தயாரிப்புக்கு விட்டார்கள்.

வக்கீல் நேரே பால்வண்ணத்திடம் வந்து, பதினொரு வருஷக் குறிப்புகள் அடங்கிய தம் பைண்டு நோட்டை நீட்டினார். "இந்தாரும். எனக்கு இன்னைக்கு ஆகாது. உம்ம பிரசுரத்தில ஒண்ணு குடும். எட்டுப் பக்கந்தான? ஒரு சுருட்டு முடியறதுக்குள்ள படிச்சிருவேன்" என்று பிரசுரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பால்வண்ணம் நோட்டோடு தட்டிப் பக்கம் போனார். காவலுக்கு என்று நானும் கூடப் போனேன்.

"முத்துவடிவு, மோசம் போயிட்டோம். நான் என்ன செய்யட்டும்?"

தட்டிக்குப் பின்னாலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "நல்லாப் பேசுங்க."

"நம்ம கல்யாணத்துக்கு எதிராவா?"

"ஆமா. அந்த வக்கீல் பெரியப்பாவுக்குத் தோக்கத் தெரியாதாம்லா, ஊரே சொல்லுதே. நீங்க சொதப்புனா அவரும் ஏதோ பேசிட்டு ஒக்காந்துருவாரு. நீங்க அவரத் தோக்கடிக்கப் போற மாதிரிப் பேசணும். அப்பத்தான் அவருக்குக் கோவம் வரும். என்னயப் பாவம்னு நெனச்சுக் கொறச்சுப் பேசிராதிய, ஆமா!"

பால்வண்ணம் என்னைப் பார்த்தார். இருபத்து நாலு பிரசுரம் எழுதிய மூளைக்கு எட்டாதது இது.

அவர் பேசினார். என்ன பேச்சு! குரல் தழுதழுத்தது. சபை அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டது. வக்கீலின் நோட்டில் இருந்த சுலோகங்களை எல்லாம் சொன்னார். குலம் என்ன ஆகும், கோத்திரம் என்ன ஆகும் என்று கேட்டார். கடைசியில் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்த பிரதான வாதத்துக்கு வந்தார். "கனவான்களே! விதவைகள் எல்லாம் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் அண்ணன்மார் வீடுகளில் சமைப்பது யார்?"

கூடம் அதிர்ந்தது. பின் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். குற்றாலிங்கம்கூடத் தம்மை மறந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நான் வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புன்சிரிப்போடு கேட்டார். தம்முடைய வாதம் எவ்வளவு அழகு என்று அனுபவித்தார். கைதட்டல் வந்ததும் புன்சிரிப்பு போயிற்று. அந்தக் கைதட்டல் பதினொரு வருஷமாக அவருடையது. அதை ஒரு ரயில் வியாபாரி எடுத்துக்கொண்டு போவதா? மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தலைவர் அவர்களே! எதிர்க்கட்சி நண்பர் சமையலைப் பற்றிக் கேட்டார். கனவான்களே, அது வாதமா? அது பசி! பசியைச் சாஸ்திரம் என்று சொல்லலாமா? அந்த வாதத்தைக் கண்டுபிடித்தவன் யார் தெரியுமா? நான்தான்! பதினொரு வருஷமாக இதே இடத்தில் அதைச் சொல்லி வருகிறேன். உங்களில் ஒருவராவது எழுந்து, 'ஓய், நீர் சொல்வது அபத்தம்' என்றீர்களா? நண்பர் ஒரு சுலோகம் சொன்னார். பாதி சுலோகம்! மறு பாதியில் அனுமதி இருக்கிறது. அதை நோட்டில் எழுதாமல் விட்டவனும் நான்தான். இந்தச் சபையில் அதைக் கேட்கக்கூடியவர் யாரும் இல்லை என்ற தைரியத்தில் விட்டேன்!"

ஒரு மணி நேரம் தம்மைத் தாமே கிழித்துப் போட்டார். குறுக்கு விசாரணை வேண்டியபோது 'சாட்சி ஞானசம்பந்தம் பிள்ளை' என்று தம் பெயரையே கூப்பிட்டு, "உமக்கும் தாலியறுத்த தங்கை ஒருத்தி இருந்தாளே, அவள் என்ன ஆனாள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பதில் சொல்ல முடியாமல் நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாட்சி மௌனம் சாதிப்பதைக் கோர்ட்டார் கவனிக்க வேண்டும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. வாலிபர் பலருக்கும் கலங்கியது.

வாக்கெடுப்பு. பதினொரு வருஷமாக வக்கீல் பேசுகிற பக்கத்துக்கே தூக்கிப் பழகிய கைகள். இந்த வருஷமும் அவர் பேசிய பக்கத்துக்கே தூக்கின. தலைவரைத் தவிர்த்து அறுபத்தொரு பேரில் ஐம்பத்தெட்டு. மீதி மூன்று பேரும் தூக்கத்தில் இருந்தார்கள். அவர்களை எழுப்ப வேண்டியவன் எழுப்பவில்லை.

"விவாகம் இப்போதே நடத்தப்படலாம் என்ற தீர்மானம் நிறைவேறியது" என்று ராவ் சாகிப் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"சகோதரர்களே, இது மனப் பயிற்சிக்கான விவாதம். அமலுக்கு வர வேண்டுமானால் நிர்வாகக் கமிட்டி ஆவணியில் கூடி யோசிக்க வேண்டும். நமது சபை நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை என்பது உலகறிந்த விஷயம். ஆனாலும் ஆடியில் எப்படிக் கல்யாணம்…"

வக்கீல் துள்ளி எழுந்தார். "என்னது? ஆவணியா? வே, டிக்ரி வாங்கிட்டு அதை நிறைவேத்தாம வீட்டுக்குப் போற வக்கீல்னு என்னய நெனச்சீரா?"

"இப்போதே என்று நான் சொல்லவில்லையே" என்றார் ராவ் சாகிப்.

எல்லோரும் ஏட்டைப் பார்த்தார்கள். சங்கிலிப்பாண்டி தயங்கினார். "நான் இங்கன பேசக் கூடாது. வாசிக்கலாம்" என்று சொல்லி, எழுந்து நின்று, பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "'மாலை மூணு அம்பது. விவாகம் இப்போதே நடத்தப்படலாம் என்ற தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் சொன்னார். பலத்த கைதட்டல். தலைவர் சோடா கேட்டார்.' ஒரு எழுத்து மாத்த முடியாது ஐயா. கார்பன் வச்சு எழுதியிருக்கேன்." உட்காரும்போது என் காதோரம் குனிந்து, "எங்க ஆளுகள்ல எங்க அத்தையே ரெண்டாந் தாலி கட்டி நாலு பிள்ள பெத்தா. இதுக்கு எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுக் கூட்டம்?" என்றார்.

ராவ் சாகிப்புக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மறுபடியும் அருவிக்குக் குளிக்கப் போவது. எழுந்திருக்கப் பார்த்தார். வக்கீல் விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "பதினாலாம் விதி! நிகழ்ச்சி நிரல் முடியறதுக்குள்ள தலைவர் ஆசனத்தை விட்டு எழுந்தா தலைவர் பதவி காலி!"

அது ராவ் சாகிப்பே எழுதிய விதி. ஒரு வருஷம் வெற்றிலை துப்ப வெளியே போய்விட்டுத் திரும்புவதற்குள் உபதலைவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முடிவுரையே ஆற்றிவிட்டார். அந்த மனத்தாங்கலில் எழுதியது. இப்போது அவர் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார்.

"ஏலே மாடக்கண்ணு!" என்று வக்கீல் தம் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "சன்னதிக் கடைக்கு ஓடு. மஞ்சக் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிட்டு வா. ஓடுலே!" பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "ஒழுங்குப் பிரச்சினை ஒன்று எழுப்புகிறேன்" என்றார். ஒழுங்குப் பிரச்சினைக்குப் பதில் சொல்லாமல் தலைவர் அடுத்த அம்சத்துக்குப் போகக் கூடாது. முதல் பிரச்சினை, குரங்கு எடுத்துப்போன பழங்கள் சபையின் உபசாரத்தில் சேருமா என்பது. இரண்டாவது, தூங்கியபடி கொடுத்த வாக்கு நடுநிலையா எதிர்ப்பா என்பது. மூன்றாவது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மாடக்கண்ணு நனைந்த தலையோடு ஓடி வந்துவிட்டான்.

மாலைக்கு எங்கே போவது? வக்கீல் தமக்குப் போட்டிருந்த வரவேற்பு மாலையைக் கழற்றினார். இன்னொன்று ராவ் சாகிப் கழுத்தில் இருந்தது. யாரும் அதைத் தொடத் துணியவில்லை. நான் போய்க் கழற்றினேன். ஐம்பத்து நாலு வயதில் நான் செய்த ஒரே வாலிபக் காரியம் அதுதான்.

குற்றாலிங்கம் கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். தலைமை நாற்காலியில் ராவ் சாகிப் இருந்தார். எதிரே அறுபது பெரிய மனிதர்கள். எழுதிக்கொள்ளச் சர்க்காரே வந்திருந்தது. "கேட்டது எல்லாம் இருக்கு. சரிதான்" என்று சொல்லிவிட்டு, தட்டியை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். தங்கையின் கையைப் பிடித்துக் கூட்டி வரும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். "இனிமே அந்த ரசம்…" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பால்வண்ணம் மஞ்சள் கயிற்றைக் கட்டப் போய் முதல் முடிச்சைத் தவறவிட்டார். முத்துவடிவு தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாத்தான் பேசுனிய. பாதியில நானே, இந்தக் கல்யாணம் வேண்டாமோன்னு நெனச்சிட்டேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மூன்று முடிச்சும் ஒழுங்காக விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கூடத்தில் இருந்தவர்களும், தங்களுக்கு விரோதமாக ஒரு காரியம் நடந்துவிட்டது என்பதையே மறந்து, வாய் நிறைய வாழ்த்தினார்கள். வக்கீல் மட்டும், "கேஸ் முடிஞ்சுது, அப்பீல் கெடையாது" என்று சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைக்க வெளியே போனார். நெடு நேரம் அவர் உள்ளே வரவில்லை.

ராவ் சாகிப்புக்கோ எப்படியாவது நாற்காலியை விட்டு எழுந்தால் போதும் என்றிருந்தது. அதற்கு நிகழ்ச்சி நிரல் முடிய வேண்டும். அச்சடித்த தாளை எடுத்து, கடைசி வரியை, யார் முகத்தையும் பார்க்காமல், அவசரமாக வாசித்தார்: "இறுதி அம்சம். விதவையின் நன்றியுரை."

யாரும் எழுந்திருக்கவில்லை. ராவ் சாகிப் மறுபடியும் வாசித்தார். எல்லாரும் முத்துவடிவைப் பார்த்தார்கள். அவள் புருஷனுக்குப் பக்கத்தில், மாலையும் கழுத்துமாக, தனக்கு இடப்புறம் பார்த்தாள், வலப்புறம் பார்த்தாள்.

"இங்கன அப்படி யாரும் இல்லையே, பெரியப்பா" என்றாள்.

அந்த வருஷத்துச் சபைக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. கடைசி வரி என் கையெழுத்துத்தான். ராவ் சாகிப் சொன்னபடியே எழுதினேன்: 'குறிப்பிட்ட பேச்சாளர் கூட்டத்துக்கு வராததால் நன்றியுரை கைவிடப்பட்டது.'